72 மணி நேரப் படிப்பு எங்கே வேர் பிடித்தது, எங்கே சான்றிதழோடு நின்றது? – ஆசிய-பசிபிக் பெர்மாகல்ச்சர் பயிற்சிகள்

நீர்வாட்டம்

வணக்கம். பெர்மாகல்ச்சர் என்பது இயற்கையின் போக்கைப் பார்த்துப் பண்ணையையும் வீட்டுநிலத்தையும் வடிவமைக்கும் முறை. அதன் 72 மணி நேர வடிவமைப்புப் படிப்பைத் தமிழில் நடத்தப் பாடத்திட்டம் எழுதும் ஒரு சிறு குழுவுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்தப் படிப்பு திமோர், பாலி, நேபாளம், தெலங்கானா, ஜப்பான், சாலமன் தீவுகள் என்று பல இடங்களுக்குப் போயிருக்கிறது. சில இடங்களில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. சில இடங்களில் வெளியூர்க்காரர்கள் வந்து பதினான்கு நாள் தங்கி, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழோடு கிளம்புவதோடு சரி. இந்த வித்தியாசம் எதனால்? பாராட்டுரைகள் வேண்டாம். எதை அப்படியே எடுக்கலாம், எது நம் மண்ணில் சொதப்பும் என்று அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குக்கடல்

முதலில் அந்த 72 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

1970-களின் நடுவில் டாஸ்மானியாவின் ஹோபர்ட்டில் பில் மோலிசனும் அவரிடம் மாணவராக வந்த டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து உருவாக்கிய கருத்து இது. முதல் நூல் 1978-ல் வந்தது. பிறகு மோலிசன் ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுத்தார். 1988-ல் வந்த அவருடைய பெரிய கையேட்டில் 14 அத்தியாயங்கள்: வடிவமைப்பு முறை, இயற்கையின் வடிவங்கள், தட்பவெப்பம், மரம், நீர், மண், மண்வேலை, ஈர வெப்பமண்டலம், வறண்ட நிலம், குளிர்நிலம், நீர்வாழ் வளர்ப்பு, கடைசியில் சமூக-பொருளாதார ஏற்பாடுகள். 72 மணி நேரப் படிப்பு இந்த அத்தியாய வரிசையை ஒட்டியே நடக்கிறது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வீதம் 12 நாள், நடுவில் ஓய்வு நாள், கடைசியில் குழுவாக ஒரு நிலத்துக்கு வடிவமைப்பு வரைந்து அவையில் விளக்குவது. அதனால்தான் 'பதினான்கு நாள் படிப்பு' என்ற பேச்சு வந்தது.

இது பரவியதற்குக் காரணம் பாடத்தை விட விதிதான் என்பேன். படிப்பை முடித்தவர் 'பெர்மாகல்ச்சர்' என்ற சொல்லைத் தன் வேலையில் பயன்படுத்தலாம், தானே பாடமும் எடுக்கலாம். இரண்டு ஆண்டு களவேலைக்குப் பிறகு டிப்ளமோ கேட்கலாம். தலைமையகமோ கிளை அனுமதியோ கிடையாது. ஒருவர் 20 பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அதில் இரண்டு பேர் ஆசிரியரானால் போதும், தானாகப் பெருகும். 1984-ல் நியூ சவுத் வேல்ஸில் முதல் உலகக் கூடுகை, 1991-ல் நேபாளத்தில் நான்காவது. மெயில் கூட இல்லாத காலத்தில் ஏழே ஆண்டில் இமயமலை வரை போய்விட்டது! இதை 'சான்றிதழ் வியாபாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

கலிங்கு

தெற்குக்கடல் நண்பரே, பரவுவது வேறு, வேர் பிடிப்பது வேறு. விதை காற்றில் எங்கும் போகும்.

திமோர்-லெஸ்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் சுதந்திரம் பெற்ற நாடு. ஏறக்குறைய அதே காலத்தில் எகோ லெமோஸ் என்பவர் பெர்மாடில் என்ற அமைப்பைத் தொடங்கினார். பாடகர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். 2023-ல் மகசேசே விருது பெற்றவர். அந்த அமைப்பு செய்ததில் கவனிக்க வேண்டியவை:

கையேட்டை உள்ளூர் மொழியான டெட்டுமில் கொண்டுவந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற படம்.

2008-லிருந்து இளைஞர் முகாம் நடத்துகிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஓர் ஊரில் கூடாரம் போட்டுத் தங்கி அந்த ஊர் நிலத்திலேயே வேலை செய்வார்கள். முகாம் முடியும்போது ஊருக்குக் குட்டைகளும், கரைகளும், நட்ட மரங்களும் மிஞ்சும்.

மூன்றாவதுதான் பெரிது. பள்ளித் தோட்டத்தைத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். தோட்டத்தை வைத்துக் கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் எல்லாம் நடத்துவது. அரசு ஆசிரியர் மாறினாலும் பாடம் மாறாது.

72 மணி நேரத்தை உடைத்து, ஏற்கெனவே இருக்கிற அமைப்பின் மேல் ஒட்டவைத்தால்தான் தங்கும் என்பது என் கட்சி. பாலியில் ஐடெப் அமைப்பும் 1990-களின் இறுதியில் பொருளாதார நெருக்கடியின்போது இப்படித்தான் ஆரம்பித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சேயில் களப்பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு நேரமும் மக்களுக்கு என்ன அவசரமோ அதோடு பாடத்தைக் கட்டினார்கள்.

தெற்குக்கடல்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்புகளைத் தொடங்கியவர்களும் அவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களும் யார்? அந்த 72 மணி நேர வழியில் வந்தவர்கள்தான் பெரும்பாலும். வியட்நாமிலும் கம்போடியாவிலும் பாடம் எடுத்த ரோஸ்மேரி மாரோ, ஆஸ்திரேலியாவின் நிம்பினில் கல்லூரி நடத்திய ராபின் பிரான்சிஸ் போன்றவர்கள் ஆசிரியர்களை உருவாக்குவதிலேயே பல ஆண்டு செலவிட்டார்கள். ஊருக்கு எட்டு மணி நேரப் பாடம் போதும், சரி. அந்த எட்டு மணி நேரத்தை எடுப்பவருக்கு 72 வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான்.

மூடாக்கு

வரலாறு போதும், பாடத்தில் எது சொதப்பும் என்பதற்கு வருகிறேன். குளிர்நாட்டில் எழுதிய பயிற்சிகளை அப்படியே வெப்பமண்டலத்தில் செய்துகாட்டுவதுதான் பெரிய தொல்லை.

மூலிகைச் சுருள்: கல்லை நத்தைச் சுருளாக ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் வறட்சி தாங்கும் செடியும் அடியில் ஈரம் விரும்பும் செடியும் வைப்பது. குளிர்நாட்டில் கல் சூட்டைச் சேர்த்து வைப்பது வரம். நம் ஏப்ரல் வெயிலில் அதே கல் அடுப்பு. உச்சியில் மண் இரண்டே நாளில் காய்ந்து பிளக்கும். படம் எடுக்க அழகாக இருக்கும் என்பதால் எல்லாப் பயிற்சியிலும் இதைக் கட்டுகிறார்கள், அதான் கடுப்பு.

அட்டைப்பெட்டி மூடாக்கு: புல்லை வெட்டாமல் மேலே அட்டை, அதன்மேல் எரு, அதன்மேல் வைக்கோல். ஈரநிலத்தில் நன்றாக மட்கும். மானாவாரிச் செம்மண்ணில் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. கரையான் அட்டையோடு நிறுத்தினால் பரவாயில்லை, வறண்ட நாளில் இளங்கன்றின் தண்டுக்கும் போகும். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், அட்டையைத் தவிர்த்துவிடலாம். வீட்டுச் சுவரை ஒட்டித் தடிப்பாக மூடாக்குப் போட்டால் தேளும் பாம்பும் குடிவரும். இதைக் கையேடுகள் சொல்வதில்லை.

வாழை வட்டம்: இது வெப்பமண்டலத்துக்கே உரியது, நன்றாக வேலை செய்கிறது. 2 மீட்டர் அகலம், 60 முதல் 100 செ.மீ. ஆழம், கிண்ணம் மாதிரி குழி. எடுத்த மண்ணைச் சுற்றிலும் கரையாகப் போட்டு, அதன்மேல் 4 முதல் 6 வாழை, இடையில் பப்பாளி, சரிவில் சேம்பு, வெளிப்பக்கம் சர்க்கரைவள்ளி. குழிக்குள் ஓலை, சருகு, சமையல் கழிவு எல்லாம் மேடுகட்டிப் போட வேண்டும். குளியலறைத் தண்ணீரை விடலாம். கெடுவது மூன்று இடத்தில். களிமண்ணில் தண்ணீர் தேங்கி கொசுவும் வேர் அழுகலும் வரும். அங்கே ஆழத்தை 40 செ.மீ.க்குக் குறைத்துக் கரையை உயர்த்துங்கள். பக்கக்கன்றை வெட்டாமல் விட்டால் எட்டு மாதத்தில் புதராகி, குலை சிறுக்கும். ஒரு மரத்துக்குத் தாய், மகள், பேத்தி என்று மூன்று போதும். சலவைச் சோப்புத் தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் சோடியம் ஏறி மண் இறுகும். குளியல் தண்ணீரையும் சலவைத் தண்ணீரையும் தனித்தனியாக விடுங்கள்.

நீர்வாட்டம்

மிக நன்றி. 18 நாள் கம்போஸ்ட் எல்லாப் பயிற்சியிலும் இருக்கிறதே, அது?

மூடாக்கு

முறை நல்லது, நாள்கணக்குதான் உதைக்கும். குவியல் குறைந்தது ஒரு கன மீட்டர். கரிம-தழைச்சத்து விகிதம் 25 முதல் 30-க்கு 1. நடுவில் 55 முதல் 65 டிகிரி சூடு. நான்கு நாள் தொடாமல் விட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் புரட்ட வேண்டும். 4, 6, 8, 10, 12, 14, 16 என்று ஏழு புரட்டு, 18-ம் நாள் முடிவு. பதினான்கு நாள் முகாமில் இது முடியவே முடியாது! மாணவர் பாதியில் கிளம்புகிறார், முடிந்த எருவைப் பார்ப்பதில்லை. அதனால் முகாம் தொடங்குவதற்கு 14 நாள் முன்பே ஒரு குவியலைப் போட்டு வைக்க வேண்டும். முதல் வாரத்தில் முதிர்ந்த குவியல், கூடவே அவர்கள் கையால் போட்ட புதிய குவியல், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

வைக்கோலில் அந்தக் கரிம-தழைச்சத்து விகிதம் சுமார் 80-க்கு 1, ஈரச்சாணத்தில் சுமார் 20-க்கு 1. வைக்கோலை நறுக்காமல் போட்டால் சூடு ஏறாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். அமோனியா நாற்றம் வந்தால் சாணமும் பச்சிலையும் அதிகம், சருகு சேர்த்துப் புரட்டுங்கள்.

மலைத்தோட்டம்

இலங்கையிலிருந்து. இந்தப் பாடநெறிகளை நடத்துகிறவர்கள், ஆசியாவில் முன்னமே இருந்ததை மறந்துவிடுகிறார்கள். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டத்தைப் பாருங்கள். மேலே தென்னை, கித்துள், பலா, ஈரப்பலா. நடுத்தட்டில் கிராம்பு, சாதிக்காய், கோப்பி. மரத்தில் ஏறும் மிளகு. கீழே இஞ்சி, மஞ்சள், வாழை. 'உணவுக்காடு' என்று இன்றைக்கு ஒரு பாடவேளை முழுக்க எடுப்பது இதைத்தான்.

ஊவாவில் பெலிப்பொலவில் ரணில் சேனாநாயக்க 1980-களின் தொடக்கத்திலிருந்து செய்த 'ஒப்புமைக் காடு' முறையும் பாடநெறியில் இடம்பெற வேண்டியது. அயலில் உள்ள இயற்கைக் காட்டைப் பார்த்து, மர உயரம், அடர்த்தி, கொடிகள், தொற்றுத் தாவரங்கள் எல்லாவற்றையும் ஒரு குறியீட்டு வரியாக எழுதுவார்கள். பிறகு அதே கட்டமைப்பு வரும்படி, பயன்தரும் மரங்களைத் தெரிந்து நடுவார்கள். மாணவருக்குப் பெரிய நன்மை, 'எந்த மரம்' என்று கேட்கமுன் 'எந்த உயரம், எந்த இடம்' என்று கேட்கப் பழகுகிறார்கள்.

இன்னொன்று, மலைச்சரிவுக்கு. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் 1970-களில் சரிவுநில வேளாண்மை முறை ஒன்றை உருவாக்கினார்கள். சம உயரக் கோட்டில் அரை மீட்டர் இடைவெளியில் இரட்டை வரிசையாக அவரைக் குடும்பச் செடிகள், அடுத்த இரட்டை வரிசைக்கு 4, 5 மீட்டர், இடையில் பயிர். வேலிச்செடியை மாதம் ஒருமுறை, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டித் தழையைப் பயிருக்குப் போடுவது. ஆசியா முழுக்கக் கமக்காரர்கள் ஏ-சட்டத்தை (சம உயரக் கோடு பார்க்கும் 'A' வடிவ மரச்சட்டம்) பிடிக்கப் பழகியதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதில் நடந்த பிழையையும் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரே செடி, சவுண்டல். 1980-களின் நடுவில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு சிறு தத்துப்பூச்சி ஹவாய், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று வரிசையாகப் பரவி, தளிர் முழுவதையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டது. பிறகுதான் கிளைரிசிடியா, பிளமிஞ்சியா என்று கலந்து நடத் தொடங்கினார்கள். 'பன்மை' என்று பலகையில் எழுதிப் போவதைவிட இந்த ஒரு கதை மனதில் நிற்கும்.

நீர்வாட்டம்

ஏ-சட்டம் பேச்சு வந்ததால் கேட்கிறேன். களத்தில் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. சம உயரக் கோடு போட்டு, சமமட்டக் குழி (வழிந்துவரும் மழைநீரைப் பிடித்து மண்ணில் இறக்கும் நீளக் குழி) வெட்டுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த வரிசையில் போகலாம்?

கலிங்கு

இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பயிற்சிகளில் அதிகம் சேதம் செய்வது இந்த வேலைதான்.

சட்டம்: 2 மீட்டர் நீளச் சவுக்குக் கம்பு இரண்டு, குறுக்கே ஒன்று, கால்களுக்கு இடையே சுமார் 2 மீட்டர். உச்சியிலிருந்து நூல், நுனியில் அரைக் கிலோவாவது எடையுள்ள கல். சின்னக் கல் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், ஆடுவதை நிறுத்திப் பார்ப்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

மட்டம் பார்ப்பது: இரண்டு முளை அடித்து அவற்றின் மேல் கால்களை வையுங்கள். நூல் குறுக்குக்கம்பில் படும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு, அதுதான் மட்டம். தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். பச்சைக் கம்பு காயக் காயக் கட்டு தளரும்.

பிழை எங்கே வரும்? நடுக்கோடு கொஞ்சம் விலகி, ஒரு அடிவைப்புக்கு 1 செ.மீ. தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைத் தூக்கித் தூக்கி ஒரே கால் முன்னால் வரும்படி நகர்த்தினால் தப்பு ஒரே பக்கம் சேரும். 40 மீட்டரில் 20 அடிவைப்பு, 20 செ.மீ. விலகல். சமமட்டக் குழி என்று நினைத்து வெட்டியது வாய்க்காலாகிவிடும், தண்ணீர் ஒரு முனைக்கு ஓடி அங்கே கரையை உடைக்கும். முன்காலை ஊன்றிப் பின்காலைச் சுழற்றி முன்னால் கொண்டுவந்தால், ஒவ்வொரு அடிவைப்பிலும் கால் மாறும், தப்பு தானாக அடிபட்டுப் போகும். இந்த ஒரு அசைவைக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடைசியில் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபால் இரு முனைகளையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த அளவும் பொய்தான்.

இப்போது கணக்கு. குழிக்கு மேல்பக்கம் கால் ஏக்கர், அதாவது சுமார் 1,000 சதுர மீட்டர் நிலம் இருக்கிறது. 50 மி.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர். அதில் 40 சதவீதம் வழிந்து வந்தால் 20,000 லிட்டர், 20 கன மீட்டர். மேலகலம் 1.4 மீட்டர், அடியகலம் 0.6 மீட்டர், ஆழம் அரை மீட்டர் உள்ள குழியின் வெட்டுமுகம் அரை சதுர மீட்டர். ஆக, 40 மீட்டர் நீளம் வேண்டும். பயிற்சிகளில் இதோடு நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஐப்பசியில் ஒரே நாளில் 150 மி.மீ. கொட்டினால்? மண் ஏற்கெனவே ஊறியிருக்கும், 70 சதவீதம் வழியும். 1,05,000 லிட்டர் வரும், குழி பிடிப்பது 20,000. மீதி 85,000 லிட்டர் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நாம் வழி விடாவிட்டால் அது தானே வழி வெட்டும்.

மூடாக்கு

அதற்குத்தான் நம் ஏரிகளில் கலிங்கு வைத்தார்கள், உங்கள் பெயரே அதுதானே! வெளிநாட்டுக் கையேட்டில் 'உபரிநீர் வழி' என்று ஒரு பத்தி வரும். ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்கு ஒரு சொல் போதும்.

கலிங்கு

ஆமாம், அளவும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் கொட்டினால் அந்தக் கால் ஏக்கரிலிருந்து வினாடிக்கு சுமார் 12 லிட்டர் வரும். 2 மீட்டர் அகலத்தில் மட்டமாகக் கல் பாவிய கலிங்கு வைத்தால் 3 செ.மீ. உயரத்துக்குள் வழிந்துவிடும். அகலம்தான் முக்கியம், குறுகலாக வைத்தால் வேகம் ஏறிக் கீழே ஓடை பறிக்கும். கரையின் உச்சி கலிங்கைவிட 30 செ.மீ. உயரமாக இருக்கட்டும். புதுக்கரை முதல் மழையிலேயே கொஞ்சம் அமுங்கும். கலிங்கை இயற்கையான மண்ணில் வையுங்கள், கொட்டிய கரையின் மேல் வைக்காதீர்கள்.

15 டிகிரிக்கு மேல் சரிவில் இந்தக் குழியே வேண்டாம். ஊறிய மலைமண்ணில் நீரைத் தேக்கினால் சரிவோடு கீழே வரும். அங்கே செடிவரிசையும் கல்வரப்பும்தான். கரிசலிலும் யோசித்துச் செய்யுங்கள். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கிற மண்ணில் வெட்டிய குழியின் கரை முதல் மழைத் தண்ணீரை வெடிப்பு வழியே விட்டுவிடும். கரை உள்ளிருந்தே கரையும்.

வித்துப்பெட்டி

விவசாயிகளுக்கு இடையேயான வலைப்பின்னல் பற்றி யாரும் பேசவில்லையே. சாலமன் தீவுகளில் கஸ்தோம் காடன் என்ற அமைப்பு இருக்கிறது. அவர்கள் படிப்பை மையமாக வைக்கவில்லை. நடவுப்பொருள் பரிமாற்றத்தை மையமாக வைத்தார்கள். உறுப்பினராகச் சேர்ந்த விவசாயிகள் விதையையும் கொடியையும் கிழங்கையும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள், அதோடு சேர்ந்து பயிற்சியும் போகும். பசிபிக் தீவுகளில் முக்கிய உணவு சேம்பு, சர்க்கரைவள்ளி, வள்ளிக்கிழங்கு. எல்லாமே கொடியாலோ கிழங்காலோ பெருகுபவை. விதைப் பொட்டலம் மாதிரி அலமாரியில் வைத்திருக்க முடியாது. சர்க்கரைவள்ளிக் கொடித்துண்டு ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 செ.மீ. போதும். இலையைக் கிள்ளிவிட்டு ஈரச்சாக்கில் சுற்றினால் சில நாள் தாங்கும், அதற்குள் நட வேண்டும். அதனால் பயிற்சி நாளும் நடவு நாளும் ஒன்றாக அமைய வேண்டும். முகாம் தேதியை அரங்கம் கிடைக்கிற நாளைப் பார்த்து வைத்தால் பொருந்தாது.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 1993-ல் சமோவாவில் சேம்பு இலைக்கருகல் வந்து, நாட்டின் சேம்பு உற்பத்தியே சரிந்தது. பெரும்பகுதி ஒரே ரகம். கிழங்கோடும் கன்றோடும் நோய் பயணிக்கும். ஆகவே பரிமாற்றத்துக்கு விதி வேண்டும்: நோயுள்ள வட்டாரத்திலிருந்து கன்று வாங்கக் கூடாது; வந்த கன்றைத் தோட்டத்தின் ஓரத்தில் தனிப் பாத்தியில் ஒரு பருவம் வைத்துப் பார்க்க வேண்டும்; ஒரே ரகத்தை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது. தமிழில் நடத்தினால் மஞ்சள், சேனை, மரவள்ளிக்கும் இதே விதிதான். மரவள்ளியில் மாவுப்பூச்சியும் தேமல் நோயும் கரணையோடுதான் ஊர் மாறுகின்றன.

தெற்குக்கடல்

வித்துப்பெட்டி சொன்னது நல்ல பார்வை. நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆஸ்திரேலியாவிலேயே இந்த 72 மணி நேரம் போதாது என்று அரசு அங்கீகாரம் பெற்ற தனிப் பயிற்சியை உருவாக்கினார்கள். சான்றிதழ் 1 முதல் 4 வரை, மேலே டிப்ளமோ. அங்கே 'கலந்துகொண்டார்' என்பது போதாது. ஒட்டுக் கட்டிக் காட்ட வேண்டும், நிலத்தை அளந்து காட்ட வேண்டும். குறை என்னவென்றால் பதிவு பெற்ற பயிற்சி நிறுவனம் வழியாகத்தான் நடத்த முடியும். காகித வேலை அதிகம், சிறு பண்ணைகளால் தாங்க முடியாது.

உலகக் கூடுகைகளும் ஆசியப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2017 நவம்பரில் 13-வது கூடுகை ஹைதராபாத்திலும் சங்காரெட்டி மாவட்டத்து பிடகன்னேயிலும் நடந்தது. அதை முன்னின்று நடத்திய அரண்யா அமைப்பு, நர்சன்னா கொப்புலா, பத்மா கொப்புலா இருவரும் 1999-ல் தொடங்கியது. 1980-களில் மோலிசன் இந்தியா வந்தபோது மேடக் பகுதியில் விழுந்த விதை அது. 2024-ல் 15-வது கூடுகை தைவானில். ஜப்பானில் புஜினோவில் 1996-லிருந்தே மையம் இருக்கிறது. வார இறுதிகளில் ஆண்டு முழுக்கப் பரவி வரும் படிப்பு என்பது அந்த மாதிரி நகரத்தை ஒட்டிய இடங்களுக்குப் பொருந்துகிற வடிவம்.

மூடாக்கு

வார இறுதி வடிவம்தான் நம் ஊருக்கும் சரி. 6 வாரம், சனி ஞாயிறு, நாளுக்கு 6 மணி நேரம், மொத்தம் 72 வந்துவிடும். மாடு கறக்கிற வீட்டுப் பெண்கள் 14 நாள் வெளியே தங்க மாட்டார்கள். தொடர்ந்து தங்குகிற படிப்பு என்றால் நகரத்து இளைஞர்கள்தான் வருவார்கள், பிறகு 'விவசாயிகள் வரவில்லை' என்று குறைப்படுவோம். ஒரு சிக்கல்: கம்போஸ்ட் குவியலை வாரநாளில் புரட்ட உள்ளூரில் ஆள் வேண்டும். அதை இரண்டு பேருக்குச் சம்பளத்தோடு ஒப்படையுங்கள், ஆர்வத்தை நம்பாதீர்கள்.

பள்ளித் தோட்டம் வைப்பதாக இருந்தால் மூன்று விஷயம். ஒன்று, வேலி முதலில், பாத்தி பிறகு. திமோரில் ஆடும் பன்றியும் அவிழ்ந்து திரியும், நம் ஊரில் ஆடும் மாடும். இரண்டு, உயிர்வேலிக்குக் காட்டாமணக்கு வேண்டாம். ஆடு தொடாது என்று பல கையேடுகள் அதையே சொல்லும். ஆனால் கொட்டையில் நஞ்சு, வேர்க்கடலை மாதிரி ருசி. பிள்ளைகள் தின்று வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்று, கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்குப் பெயரும் கிழமையும் எழுதாமல் தோட்டத்தைத் தொடங்காதீர்கள். மே மாதத்தில் செத்த தோட்டத்தை ஜூனில் பார்க்கிற பிள்ளை அடுத்த வருஷம் மண்வெட்டியைத் தொடாது.

நீர்வாட்டம்

கிளுவை?

மூடாக்கு

கொங்குப் பக்கத்தில் கிளுவைதான் வேலி. கட்டைவிரல் தடிப்பில் இருந்து மணிக்கட்டுத் தடிப்பு வரை போத்து, நாலு அடி நீளம், ஒரு அடி மண்ணுக்குள். அரை அடிக்கு ஒன்று. முதல் வருஷம் குறுக்கே மூங்கில் வரிச்சு கட்டாவிட்டால் ஆடு நுழைந்துவிடும்.

நீர்வாட்டம்

சொல் பற்றியும் கேட்டுவிடுகிறேன். எங்கள் வரைவில் ஸோன், செக்டர், கில்டு என்ற ஆங்கிலச் சொற்களை 'மண்டலம்', 'துறை', 'குழாம்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். படித்துப் பார்த்தால் அரசாணை மாதிரி இருக்கிறது.

கலிங்கு

தூக்கிப் போடுங்கள். டெட்டும் கையேடு எடுபட்டதே பேச்சுமொழியில் இருந்ததால்தான். நேபாளத்திலும் மேற்கு மலை மாவட்டங்களில் வேலை செய்தவர்கள் விவசாயிக்கான கையேட்டை ஐந்து தொகுதியாக நேபாளியிலேயே எழுதினார்கள். நமக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. சரிவுக்கு வாட்டம். உபரிநீர் வழிக்குக் கலிங்கு. மேட்டுப்பாத்தி, மூடாக்கு, உயிர்வேலி, பண்ணைக்குட்டை எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. நிலத்தை நடைதூரத்தால் பிரிப்பதற்கு 'வாசல், கொல்லை, தோட்டம், காடு' என்றாலே போதும். வாசலில் கீரை, கொல்லையில் கோழியும் முருங்கையும், தோட்டத்தில் பயிர், காட்டில் மரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அங்கே போகிறோம் என்பதுதான் அளவு, அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மலைத்தோட்டம்

எங்கள் பக்கம் 'கொல்லை' என்றால் வேறு விதமாக எடுப்பார்கள், 'வளவு' என்று போடுங்கள். ஈழத்தில் வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய நிலமும்.

நீர்வாட்டம்

அப்படியானால் அந்தப் பக்கத்தை இரண்டு பதிப்பாக விடுகிறோம். ஏ-சட்டப் பாடத்தில் கால் சுழற்றும் அசைவுக்குப் படம் வரைய ஆள் பிடித்தாயிற்று. கலிங்கு, அந்த 40 மீட்டர் கணக்கில் மண்வகைக்கு ஏற்ற வழிவு சதவீதத்தை மட்டும் மணல், செம்மண், கரிசல் என்று பிரித்துத் தர முடியுமா?

கலிங்கு

ஒரே எண் தர மாட்டேன், பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்வார்கள். முதல் நாள் வகுப்பிலேயே அடிப்பக்கம் வெட்டிய டப்பா ஒன்றை மண்ணில் ஒரு சாண் அடித்து இறக்கி, ஒரு லிட்டர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு தடவை, உடனே அதே இடத்தில் இரண்டாவது தடவை. இரண்டாவது எண்தான் ஐப்பசிக்கு.